வீட்டில் மாட்டுக்கறி உப்புக்கண்டம்: சாமான்களை எந்த வரிசையில் வாங்குவது

உப்புக்கண்டம் போடலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது உலர்த்தும் மெஷின். தராசு கடைசியில்தான் வருகிறது. பல பேர் அதை வாங்குவதே இல்லை. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே கறி வீணாவது பெருமளவு குறையும். எங்கள் வீட்டு மாடியிலும், எனக்குப் பிறகு ஆரம்பித்த உறவுக்காரர்கள் வீடுகளிலும் பார்த்துப் பார்த்து இதைத் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் இருப்பது திருவாரூர் பக்கம். சுற்றிலும் வயலும் வாய்க்காலும், கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை வறண்ட ஊர்க்காரர்கள் எழுதியவை. அவற்றை அப்படியே இங்கே செய்தால் கறி காய்வதற்குள் புளித்துவிடும். கீழே சொல்லியிருப்பது நம் ஊர்க் காற்றுக்கான வரிசை. ஆட்டுக்கறிக்கும் இதே சாமான்கள்தான்.

1. முதலில் ஒரு முடிவு: வறுத்துத் தின்பதா, அப்படியே கடிப்பதா

நம் பழைய உப்புக்கண்டம் பச்சைக் கறியாகவே வெயிலில் காயும். தின்னும்போது கழுவி, எண்ணெயில் பொரித்துத் தட்டில் வைப்போம். அதாவது கடைசியில் ஒரு முறை நன்றாக வேகிறது.

ஜெர்க்கி என்கிறார்களே, அது வேறு. டப்பாவிலிருந்து எடுத்து நேராக வாயில் போடுவது. பிறகு வேக வைக்கிற கட்டமே கிடையாது. அதனால் காய்வதற்கு முன்பே கறியின் உள்சூடு 71 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்க வேண்டும். மாட்டுக்கறியில் வரக்கூடிய சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகளை ஒழிக்க அந்தச் சூடு தேவை.

இந்த முடிவைப் பொறுத்துத்தான் சாமான் பட்டியலே மாறும். பொரித்துத் தின்பதென்றால் வெயிலும் வலைப்பெட்டியும் போதும். அப்படியே கடிப்பதென்றால் தெர்மாமீட்டரும், சூட்டைக் கட்டுப்படுத்தும் மெஷினும் கட்டாயம். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் உள்ள வீட்டில் இரண்டுக்கும் நடுவே ஊசலாட வேண்டாம்.

ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது. புளித்து நாறிய கறியைப் பொரித்தாலும் அது நல்ல கறியாகாது. சில கிருமிகள் விட்டுப்போகிற நஞ்சு எண்ணெய்ச் சூட்டுக்கும் அழிவதில்லை.

2. தராசும் தெர்மாமீட்டரும்: முதல் செலவு இதுதான்

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். உப்பை அளக்கவும், காய்ந்ததா என்று பார்க்கவும் அதுவே வேண்டும்.

உப்பைக் கரண்டியில் அளக்கக் கூடாது. வேதாரண்யம் கல்லுப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை இல்லை. கல்லுப்பில் பரலுக்கும் பரலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, எடை குறையும். கரண்டிக் கணக்கில் போட்டுவிட்டு, போன தடவை சரியாக வந்தது இந்தத் தடவை ஏன் கெட்டது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த உப்பு என்றுதான். மெஷினில் காயப் போட ஒரு கிலோ கறிக்கு 25 கிராம், வெயிலுக்கு 60 கிராம் என்பது என் அளவு. வெயிலில் காய அதிக நேரமாகும். அதுவரை கறியைக் காப்பது உப்புதான்.

நெல் கொள்முதல் நிலையத்தில் மெஷினை வைத்து ஈரம் பார்க்கிறார்கள், வழக்கமாக 17 விழுக்காட்டைத் தாண்டினால் மூட்டை திரும்பிவிடும். கறிக்கு நம் கையில் இருக்கிற ஈரமானி இந்தத் தராசுதான். சுத்தக் கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். எவ்வளவு எடை குறைந்ததோ அவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது.

தெர்மாமீட்டரில் ஊசி போல் முனை உள்ளதை வாங்குங்கள். காய்ச்சல் பார்ப்பதும் உதவாது, தூரத்திலிருந்து சிவப்பு ஒளி அடித்துப் பார்ப்பதும் உதவாது. ஒளி அடிப்பது மேல்தோலின் சூட்டை மட்டும் காட்டும், உள்சூடு தெரியாது. வாங்கி வந்ததும் கொதிக்கிற தண்ணீரில் முனையை விட்டுப் பாருங்கள், பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. நம் பகுதி கடல் மட்டத்தை ஒட்டியது, 100 காட்ட வேண்டும். நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0 காட்ட வேண்டும். ஒன்றிரண்டு டிகிரி தள்ளிக் காட்டினால் எழுதி வைத்துக்கொண்டு, கூட்டிக் காட்டினால் கழித்தும் குறைத்துக் காட்டினால் கூட்டியும் பார்க்கலாம். ஐந்து டிகிரி தப்பினால் மாற்றி வாங்குங்கள்.

இதோடு காற்றின் ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். ஐந்தாவது படியில் அதற்கு வேலை இருக்கிறது.

3. கத்தி, கட்டை, ஃப்ரீஸர்

கறி வாங்கும்போதே பாதி வேலை முடியும். "பாய், தொடையில கொழுப்பு, ஜவ்வு இல்லாம ஒரே கட்டியா குடுங்க, வெட்டாதீங்க" என்று சொல்ல வேண்டும். குழம்புக்கு வெட்டுவது போல் துண்டு போட்டுவிட்டால் பிறகு மெல்லிசாக அரிய முடியாது. நெஞ்சுக்கறி வேண்டாம். கொழுப்பு காயாது, நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும்.

தடிமன் 5 மில்லிமீட்டர். 6-ஐத் தாண்டக் கூடாது. எல்லாத் துண்டும் ஒரே தடிமனில் இருந்தால்தான் ஒரே நேரத்தில் காயும். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு பக்கம் காகிதம் மாதிரி, மறு பக்கம் விரல் மாதிரி அரிந்து வைத்திருப்பார்கள். மெல்லிசானது கருகும் வரை தடிப்பானது ஈரமாகவே இருக்கும்.

இதற்குத் தனி மெஷின் தேவையில்லை. அரைக் கிலோ கட்டியை ஃப்ரீஸரில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். கல்லாகக் கூடாது. விரலால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழ வேண்டும். தச்சுப் பட்டறையில் 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு இரண்டு மரச்சட்டம் வாங்கி, கட்டியின் இரு பக்கமும் படுக்க வையுங்கள். கட்டியின் மேல் இடது உள்ளங்கையை விரித்து அழுத்திக்கொண்டு, கத்தியைச் சட்டங்களின் மேலேயே சாய்த்து இழுத்தால் அடியிலிருந்து ஒரு தகடு கழன்று வரும். கட்டியைத் தூக்கித் தகட்டை எடுத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். முதல் நாலு தகடு கோணலாக வரும், ஐந்தாவதிலிருந்து கை பழகிவிடும்.

கத்தி நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கட்டும். எலும்பு உடைக்கிற கனத்த கத்தி இதற்கு ஆகாது. அரிவாள்மனையில் பழகின கை என்றால் சட்டம் இல்லாமலும் அரியலாம், ஆனால் உறைந்த கட்டி வழுக்கும். அடிக்கட்டைக்கு கறிக்கடையில் இருப்பது போன்ற புளியங்கட்டை நல்லதுதான். ஆனால் பச்சைக் கறிக்கு ஒன்று, காய்ந்த கறிக்கு வேறொன்று வேண்டும். ஒரே கட்டையில் இரண்டையும் வைத்தால் பச்சைக் கறியின் கிருமி காய்ந்த கறிக்கு ஏறிவிடும்.

நாரின் போக்கில் அரிந்தால் கடிக்கக் கடிக்க இழுபடும். குறுக்கே அரிந்தால் மிருதுவாக இருக்கும். பல் தளர்ந்தவர்கள் இருந்தால் குறுக்கே அரியுங்கள்.

உப்பு, எலுமிச்சை, தயிர் சேர்த்து ஊற வைக்க எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம் போதும். அலுமினியத்தை உப்பும் புளிப்பும் அரிக்கும். ஊறுவது ஃப்ரிட்ஜுக்குள்தான், அடுப்படி மேடையில் இல்லை.

4. ஆவி காட்ட இட்லிப் பானை

ஜெர்க்கி செய்பவர்களுக்கு மட்டும் இந்தப் படி.

நேராக மெஷினில் 60 டிகிரியில் போட்டால் என்ன என்று கேட்பார்கள். காய்கிற கறியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது அதுவே கறியைக் குளிர வைக்கும். அதனால் மெஷின் 60 காட்டினாலும் கறி அதற்கும் கீழேயே நிற்கும். அந்த நேரத்தில் மேல்பக்கம் காய்ந்துவிட, கிருமிகள் சூட்டைத் தாங்கப் பழகிக்கொள்கின்றன. ஈரச் சூட்டில் சாகிற கிருமி காய்ந்த சூட்டில் பிழைக்கும். ஆகவே ஈரம் இருக்கும்போதே சூடு காட்டிவிட வேண்டும்.

இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகு தட்டில் துணி போடாமல் துண்டுகளை ஒற்றை வரிசையாகப் பரப்பி மூடுங்கள். சில நிமிடத்தில் நிறம் மாறும். நிறத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். 5 மில்லிமீட்டர் துண்டுக்குள் முனை நிற்காது. ஒரு துண்டை இடுக்கியால் எடுத்துத் தெர்மாமீட்டர் முனையைச் சுற்றிப் பாயைப் போலச் சுருட்டிப் பிடியுங்கள். 71-ஐத் தொட்டால் எடுத்துவிடலாம்.

5. மெஷின் பார்க்கும் முன் நம் காற்றைப் பாருங்கள்

ஈர மீட்டரை ஒரு வாரம் மாடியில் வைத்துக் காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் எழுதுங்கள். காலையில் 80 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே சாதாரணம். பங்குனி, சித்திரை வெயிலில் மதியம் நன்றாக இறங்கும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கத்தில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசினால் மறுபடி ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க இறங்காமலே இருக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கறி காய்வதற்குச் சூடு மட்டும் போதாது. கறியை விட்டு வெளியே வந்த ஈரத்தைக் காற்று தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஏற்கெனவே ஈரம் ஏறிய காற்றால் தூக்க முடியாது. ஆனால் 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். மழைக்காலத்திலும் மெஷின் காய வைப்பது இதனால்தான். அந்தக் காற்று கறியைத் தடவிவிட்டு வெளியேற வழி இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

நான் முதன்முதலில் ஓவனில் வைத்தபோது சூடு வீணாகக் கூடாதென்று கதவை இறுக்கி மூடிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. ஒரு கிலோ கறியும் காயாமல் அவிந்து போயிருந்தது. அன்று முதல் எந்த மெஷினைப் பார்த்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, ஈரக் காற்று எந்த வழியாக வெளியே போகிறது என்பது.

6. வெயிலை நம்புகிறவர்களுக்கு வலைப்பெட்டி

பங்குனி முதல் கத்திரி முடியும் வரை மட்டும். நம் உச்சி வெயிலிலும் கறியின் சூடு கிருமியைக் கொல்கிற அளவுக்கு ஏறாது. அதனால் மெல்லிசாக அரிவதும் உப்பும்தான் காவல், பொரித்துத் தின்பதற்கு மட்டுமே இந்த வழி.

மரச்சட்டத்தில் எவர்சில்வர் வலை அல்லது உணவுக்கேற்ற நைலான் வலை அடித்த பெட்டி செய்யச் சொல்லுங்கள். அடி, மேல், நாலு பக்கம் எல்லாமே வலையாக இருக்கட்டும். ஜி.ஐ. வலை மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சை உப்பும் எலுமிச்சையும் கரைக்கும். வலைக் கண் ஈ நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். ஈ முட்டையிட்டால் அந்த ஈடு முழுவதும் போச்சு.

பெட்டிக்கு ஒரு முழ உயரத்தில் கால் வைத்து, நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு ஏறாது. உள்ளே துண்டுகளைப் பரப்புவதைவிடக் கோணி ஊசியால் பருத்தி நூலில் கோத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிடுவது மேல். இரண்டு பக்கமும் காற்று படும். எங்கள் சித்தி சொல்லும் அடையாளம், மாலைக்குப் பூத் தொடுப்பது போல நெருக்கித் தொடுக்காமல், நடுவே ஒரு விரல் போகிற மாதிரி விடு என்பது.

காலை பனி விலகி 10 மணிக்கு மேல் வெளியே வைத்து, 4 மணிக்கு உள்ளே எடுத்துவிடுங்கள். இரவில் திறந்த தட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். முற்றத்துக் கொடியிலேயே இரவும் விட்டுவைக்கிறவர்கள் பகலில் காய்ந்ததை இரவில் நனைத்துக்கொள்கிறார்கள்.

7. உலர்த்தும் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது

முதலாவது, விசிறி. அடியில் சூட்டுக்கம்பி மட்டும் இருந்து விசிறி இல்லாத மெஷின்கள் விற்கின்றன. கறிக்கு அவை ஆகாது. விசிறி இருந்தாலும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வட்டத் தட்டுகளை அடுக்குகிற மெஷினில் அடியிலோ மேலேயோ இருக்கும். விசிறிக்குப் பக்கத்துத் தட்டு சீக்கிரம் காயும், தள்ளி இருப்பது தாமதமாகும். அடியில் விசிறி உள்ளதில் கறிச்சாறு சொட்டி அதன் மேலேயே விழும். பெட்டி வடிவத்தில், பின்பக்கம் விசிறி இருப்பதில் எல்லாத் தட்டுக்கும் ஏறக்குறைய ஒரே காற்று. கொஞ்சம் விலை கூடினாலும் கறிக்கு நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, சூட்டைக் கூட்டிக் குறைக்கிற வசதி. 70 டிகிரி வரை போக வேண்டும். ஆன், ஆஃப் மட்டும் உள்ளதை வாங்க வேண்டாம்.

மூன்றாவது, தட்டின் பரப்பு. பெட்டியில் இத்தனை கிலோ கொள்ளும் என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ கறியை 5 மில்லிமீட்டரில் அரிந்தால் சுமார் 2000 சதுர சென்டிமீட்டர் வரும். துண்டுகளுக்கு இடையே இடம் விட்டால் 3000 வேண்டும். 30-க்கு 30 தட்டு ஒன்று 900. ஐந்து தட்டு மெஷினில் ஒன்றரைக் கிலோதான் சரியாகக் காயும். அதற்கு மேல் திணித்தால் காற்றுக்கு வழியில்லை.

நான்காவது, தட்டு எவர்சில்வராக இருப்பதும், உங்கள் வீட்டுத் தொட்டியில் கழுவ முடிகிற அளவில் இருப்பதும். ஒட்டிய கறியையும் நெய்ப்பையும் தேய்த்தெடுப்பது ஒவ்வொரு ஈட்டுக்கும் உள்ள வேலை.

மின்சாரம் பற்றி இரண்டு விஷயம். 400 வாட் மெஷின் 8 மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 3.2 யூனிட். அது பெரிய செலவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் கொண்டுவருவதில் கவனம் வேண்டும். சிங்கப்பூர், துபாய் மெஷின் என்றால் பிளக் மாற்றினால் ஓடும். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்கானது. பிளக்கை மட்டும் மாற்றி நம் 230 வோல்ட்டில் செருகியதில் எங்கள் உறவில் ஒருவர் வீட்டில் அரை நிமிடத்தில் புகைந்துவிட்டது. பின்பக்கத் தகட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

ஓவன் ஏற்கெனவே இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். குறைந்த சூடு 60-லிருந்து 70-க்குள் இருக்கிறதா, விசிறி இருக்கிறதா. பல ஓவன்கள் 100-லேயே தொடங்கும். அதில் வெளிப்பக்கம் மட்டும் தோலாக இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். 60 டிகிரி உள்ள ஓவன் என்றால் கதவிடுக்கில் மரக்கரண்டிக் காம்பைச் செருகி, ஈரம் போக வழி விட்டுச் செய்யலாம். ஏர் ஃப்ரையர் சின்னக் கூடை, கால் கிலோவுக்கு மேல் பரவாது. மைக்ரோவேவ் இதற்கு உதவவே உதவாது.

8. கறி போடும் முன் வெறும் மெஷினை ஓட்டுங்கள்

60-ல் வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தெர்மாமீட்டரை ஒவ்வொரு தட்டிலும் வைத்துப் பாருங்கள். திருகில் இருக்கிற எண்ணும் உள்ளே இருக்கிற சூடும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. எந்தத் தட்டு சூடு, எந்தத் தட்டு மந்தம் என்று எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் எது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கறி பாதி காய்ந்திருக்கும்போது மின்சாரம் போய், இரண்டு மணி நேரத்துக்கு வராது என்று தெரிந்தால் தட்டோடு ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பிச் சூட்டுக்கம்பியை ஓட்டாதீர்கள்.

9. முதல் ஈடு அரைக் கிலோ

ஒரு தட்டுக் கறியைத் தனியாக எடை போட்டு எழுதுங்கள். அது அடையாளத் தட்டு. 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் கழித்துத் துண்டுகளைத் திருப்பி, மேல் தட்டைக் கீழும் கீழ்த் தட்டை மேலும் மாற்றுங்கள். நாலாவது மணியிலிருந்து அடையாளத் தட்டை மட்டும் எடை பாருங்கள். பச்சையாக 100 கிராம் இருந்தது 40 கிராமுக்குக் கீழே வந்தால் ஒரு துண்டை எடுத்து முழுதாக ஆற விட்டு வளையுங்கள். விரிசல் விட்டு உள்ளே வெளிறிய நார் தெரிய வேண்டும், இரண்டாக ஒடியக் கூடாது. ஒடிந்தால் மிகையாகக் காய்ந்துவிட்டது. விரிசலே விடாவிட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. சூடாக இருக்கும்போது வளைத்தால் எப்போதும் மிருதுவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து இன்னும் காயவில்லை என்று ஓட்டி, கட்டையாக்கிவிட்டவர்கள் நிறையப் பேர்.

ஆவி காட்டாமல் மெஷினில் போட்டுவிட்டீர்கள் என்றால், காய்ந்த பிறகு 135 டிகிரியில் சூடேறிய ஓவனில் 10 நிமிடம் வைத்தெடுப்பது மாற்று வழி. ஆவி காட்டுவதே மேல், ஓவன் உள்ளவர்களுக்கு இதுவும் உண்டு.

10. டப்பா

அழுத்தி மூடுகிற கண்ணாடி பாட்டில் போதும். வாக்குவம் போடுகிற மெஷினை ஒரு வருடம் செய்து பழகிய பிறகு யோசியுங்கள். சரியாகக் காயாத கறியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் அது பாதுகாப்பாகிவிடாது, காற்றில்லாத இடத்தில் வளர்கிற கிருமிகளும் இருக்கின்றன.

முழுதாக ஆறிய பிறகே மூட வேண்டும். பாட்டிலில் தேதியும் பச்சை எடையும் காய்ந்த எடையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஈட்டுக்கு அந்த மூன்றும் வேண்டும். வெளியே வைத்தால் இரண்டு வாரம், அதற்கு மேல் ஃப்ரிட்ஜ் அல்லது ஃப்ரீஸர். முதல் நாள் இரவு மூடி வைத்த பாட்டிலை மறுநாள் காலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கக் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தால் அத்தனையையும் தட்டில் கொட்டி 60 டிகிரியில் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, ஆறவிட்டு, பாட்டிலைக் கழுவித் துடைத்து வெயிலில் காய வைத்த பிறகு மறுபடி அடையுங்கள்.